துடைத்தது உள்ளே, வேர்த்தது வெளியே

காலையில் வேர்த்து வெளுத்து நிற்கும் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியின் எந்தப் பக்கம் ஈரம் என்று ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்காததால் எனக்கு மூன்று மாதமும் 1,925 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) போனது. கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். இடையில் ஒரு புடவையும் போனது, மேல்மாடிக்காரரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச முடியாமலும் போனது. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஒன்பதாவது மாடியில். பழைய கொண்டோ. கணவர் தவறி ஆறு வருடமாகிறது. மகன் இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கிறான். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை, மாலை ஆறரைக்கு வீடு, அப்புறம் நானும் டிவியும்தான். தீபாவளி போனஸ் வந்ததும் படுக்கையறை ஏர்கோனை (ஏசியை) மாற்றினேன். பழையது ராத்திரி முழுக்க லோரி ஏற்றம் ஏறுவது போலச் சத்தம் போடும். அறை பத்துக்குப் பதினோரு அடி. கடைக்காரர் ஒன்றரை எச்.பி. (குதிரைத்திறன்) போடச் சொன்னார். “பெரிசா போட்டா சீக்கிரம் குளிரும் ஆண்ட்டி” என்றார். குளிர்ந்தது. 18 டிகிரியில் வைத்துக்கொண்டு, மகன் விட்டுப்போன கம்பளிப் போர்வைக்குள் சுருண்டு படுத்தேன். கேமரன்மலைக்கே போய்விட்ட மாதிரி சுகம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ காலையில் எழுந்து திரையை விலக்கினால் ஜன்னல் முழுக்க வெள்ளை. எதிர் பிளாக் தெரியவில்லை. கீழ்ப் பக்கம் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, ஜன்னல் ஓடும் தண்டவாளத்தில் தேங்கி, அங்கிருந்து உள்பக்கத் திண்டுக்கும் கசிந்திருந்தது. திரைச்சீலையின் ஓரம் ஈரம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? விரலால் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும். நான் செய்தது, ஸ்ப்ரே அடித்த துணியை எடுத்து உள்பக்கம் அழுத்தித் துடைத்தது. துணி ஏற்கனவே ஈரம், அதனால் கண்ணாடி உலர்ந்துதான் இருக்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். வெயில் ஏறக் கண்ணாடி தானாகத் தெளியும். திரும்பி வந்து, ஆகா நாம் துடைத்துத்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே இரண்டு வாரம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது, கொஞ்சம் எரிச்சலும்.

மகன் ராத்திரி பத்து மணிக்கு அழைப்பான், அங்கே மதியம் இரண்டு. அவனிடம் சொன்னேன். “மா, இங்கயும் அதே கதைதான், காலையில எழுந்தா ஜன்னல்ல ஆறு ஓடுது” என்றான். அவன் வீட்டுக்காரர் அவனுக்குச் சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னான். துணியை அறைக்குள் காயப்போடாதே, சமைக்கும்போது சட்டியை மூடு, காலையில் ஜன்னலைத் திறந்து வை, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கு. பிள்ளை சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, லீட்ஸுக்கு. அங்கே அறை சூடு, வெளியே குளிர். மனிதர் மூச்சிலும் குளியலிலும் அடுப்பிலும் கிளம்பிய நீராவி, குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில் வந்து படிகிறது. வெளியே 5 டிகிரி இருந்தால் ஒரு கனமீட்டர் காற்றில் 7 கிராம் தண்ணீருக்கு மேல் தங்காது. அந்தக் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதுவே 17 கிராம் வரை தாங்கும். ஆகவே அங்கே ஜன்னலைத் திறப்பது காய்ந்த துணியால் துடைப்பது மாதிரி. இங்கே எல்லாம் தலைகீழ். நம் ஊரில் விடியற்காலை 26 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் அதே ஒரு கனமீட்டரில் 22 கிராம் தண்ணீர் மிதக்கிறது. அதை 20 டிகிரியில் கிடக்கும் அறைக்குள் விட்டால், தாங்க முடியாத மிச்சம் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பிற்பாடு உட்கார்ந்து தேடித் தேடித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பிள்ளை சொன்னான் என்று மெஷினை வாங்கினேன், 749 வெள்ளி.

மெஷினின் தொட்டி தினமும் நிறைந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரே திருப்தி. காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மெஷினையும் ஓடவிட்டு வேலைக்குப் போனேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோலாலம்பூர் வானத்தையே உலர்த்தப் புறப்பட்டவள் மாதிரி. ராத்திரி அது ஓடினால் அறையில் சூட்டைக் கக்கும், அதனால் ஏர்கோனை 17க்கு இறக்கினேன். கண்ணாடி இன்னும் கெட்டியாக வெளுத்தது. கரண்டு பில் வழக்கமாக 110 வெள்ளி சுற்றி வரும், அந்த மாதம் 190. இரண்டு பாட்டில் மூட்டம் தடுக்கும் ஸ்ப்ரேயும் வாங்கினேன், பாட்டில் 38 வெள்ளி. அதையும் உள்பக்கத்தில்தான் அடித்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அப்புறம் கண்ணாடி வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். நம்மவர்தான். வந்து ரப்பரைப் பிதுக்கிப் பார்த்தார், “சிலிக்கோன் எல்லாம் செத்துப் போச்சுக்கா, அதான் தண்ணி வருது” என்றார். 450 வெள்ளிக்கு ரப்பரும் சிலிக்கோனும் மாற்றினார். அந்த வேலை முழு வீண் என்று சொல்ல மாட்டேன், சாரல் மழை உள்ளே வருவது நின்றது. மூட்டம் நிற்கவில்லை. மறுபடி கேட்டதற்கு, கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி 200 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார். நான் பிறகு வேண்டாம் என்றபோது ஃபிலிம் வெட்டியாகிவிட்டது என்றார். ரசீதில் “முன்பணம் திரும்பாது” என்று பொடி எழுத்தில் இருந்தது. நாள் முழுக்க ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான், என் ரசீதை நான் படிக்கவில்லை. கண்ணாடிக்காரர், கொத்தனார், ஏர்கோன்காரர் யாரை அழைத்தாலும், பிரச்சினை நடக்கிற நேரத்தில் எடுத்த போட்டோவைக் காட்டி “இது எதனால?” என்று முதலில் கேளுங்கள். என்ன மாற்றலாம் என்ற பேச்சு அப்புறம் இருக்கட்டும். பகல் பதினொரு மணிக்கு வந்து தெளிவான கண்ணாடியைப் பார்ப்பவருக்குத் தன் கையில் இருக்கிற சாமான்தான் மருந்தாகத் தெரியும்.

இதற்கு நடுவே ஹாலில் சாமி மேடைக்குப் பின்னால், முருகன் படத்தை நகர்த்தித் துடைக்கப் போனால், சுவரில் கருப்புக் கருப்பாகப் புள்ளி. பூஞ்சணம். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது என்று நானே தீர்ப்பு எழுதி, மேலே ஏறிப் போய்விட்டேன். மேல்வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா, என்னைவிட மூத்தவர், காக் (மலாயில் அக்கா) என்றுதான் கூப்பிடுவேன். நோன்புப் பெருநாளுக்கு மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு கொடுத்தனுப்புகிறவர். அவரிடம் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் பதிலே சொல்லவில்லை, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நான் ஒரு பிளம்பரைக் கொண்டுவந்து 150 வெள்ளி கொடுத்துப் பார்த்தால், எங்கேயும் குழாய் ஒழுகவில்லை. நான் அப்படி ஏறிப் போயிருக்கவே வேண்டாம். அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் மாடிக்கு மாடி ஒழுகலுக்கென்றே விதி இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். முதலில் அந்தக் கடிதம், தேவைப்பட்டால்தான் சண்டை. உண்மையில், பூஞ்சணம் வந்த அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் படுக்கையறை. ஏர்கோன் காற்று நேரே போய் மோதுகிற சுவர். ராத்திரி முழுக்கச் சில்லிட்டுப் போன சுவரில், ஹாலின் புழுக்கமான காற்று படத்துக்குப் பின்னால் அசையாமல் நின்று வேர்த்திருக்கிறது. பாவம், அந்தம்மாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி புடவை. தை மாதம் சுங்கை பட்டாணியில் அண்ணன் மகள் கல்யாணம். என் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசை. கணவர் போன பிறகு அரக்குப் பட்டெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், அது என் புடவை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அலமாரியைத் திறந்தேன். ஒரு புழுங்கல் வாடை. மடிப்பு நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, முந்தானையில் பழுப்புக் கறை. அலமாரி நின்றதும் அந்தச் சில்லிட்ட சுவரை ஒட்டித்தான். தினமும் காலையில் நான் திறந்துவிட்ட ஜன்னல் வழியாக வந்த ஈரமெல்லாம் குளிர்ந்து கிடந்த அலமாரிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கற்பூர உருண்டை கைப்பிடி கைப்பிடியாகப் போட்டிருந்தேன். அது பூச்சிக்கு, ஈரத்துக்கு இல்லை. டிரை கிளீனிங் 60 வெள்ளி. பூஞ்சணம் போனது, கறை போகவில்லை. அன்றைக்கு அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி நேரத்தில் அழுவது புடவைக்காக மட்டும் இருக்காது.

வேறு புடவையோடு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். விடியற்காலை ஐந்தரைக்கு கிராப் வாடகைக் கார் எடுத்து, தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு. ஓட்டுநர் அறுபது வயது தாண்டிய தமிழர். சாலை காய்ந்திருந்தது, ஒரு துளி மழை இல்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மூட்டம் என்ற விஷயமே அப்போது ஆறாத புண் மாதிரி. “மழையே இல்லையேண்ணே, உள்பக்கம் துடைக்க வேண்டாமா?” என்று கேட்டேன். “உள்பக்கம் இல்ல தங்கச்சி, இது வெளிய. உள்ள ஏர்கோன் ஓடுது, கண்ணாடி சில்லுன்னு இருக்கு. வெளிக்காத்து ஈரம் வந்து ஒட்டிக்குது. வைப்பர் போட்டா போயிரும், இல்ல ஏர்கோனைக் கொறைக்கணும். மழையில உள்ள மூடுச்சுன்னா அதுக்கு ஏர்கோனைப் போடணும்” என்றார். சொல்லிவிட்டுக் காற்று வரும் திசையைக் கண்ணாடியிலிருந்து கால் பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் கண்ணாடி சுத்தம். நான் அப்புறம் முனையம் வரை வாயே திறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து திரும்பிய மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். உள்பக்கம் விரலால் கோடு இழுத்தேன், ஒன்றும் இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி, இரும்புக் கம்பிக்கு இடையே கையை விட்டு வெளிப்பக்கத்தைத் தொட்டேன். விரல் போன இடமெல்லாம் தெளிந்து, உள்ளங்கை நனைந்துவிட்டது. (கம்பி இல்லாத ஜன்னலில் இதைச் செய்ய வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே கோடு விழவில்லை என்றாலே ஈரம் வெளியே என்று அர்த்தம்.) நம் ஊரில் மழை ராத்திரிகளில் வெளிக்காற்று 24 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீராக இறங்கிவிடும். ஐஸ் போட்ட மீலோ டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்பதும் அதேதான். என் அறையே அந்த டம்ளராக இருந்திருக்கிறது. டம்ளரின் உள்பக்கத்தை மூன்று மாதம் துடைத்திருக்கிறேன்.

சரியாக்க ஒரு சென் செலவாகவில்லை. ஏர்கோனை 25ல் வைத்து, மேலே காற்றாடியை ஒன்றாம் எண்ணில் ஓடவிட்டேன். முதல் இரண்டு ராத்திரி புழுக்கம் மாதிரி இருந்தது, மூன்றாவது ராத்திரி பழகிவிட்டது. ஏர்கோனின் மடலை மேல்நோக்கித் திருப்பி, காற்று கூரைப் பக்கம் போகும்படி வைத்தேன், ஜன்னலையும் சாமி சுவரையும் அடிக்காமல். நாலரை மணிக்குத் தானாக நிற்க டைமர். திரைச்சீலையை நன்றாக இழுத்து மூடினேன். குளிர் நாட்டில் கனத்த திரை போட்டால் அறைச் சூடு கண்ணாடிக்கு எட்டாமல் மூட்டம் கூடுமாம். நமக்கு அது குளிரைத் தடுத்து நன்மை செய்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தை விட்டேன். சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கிற வரை திறப்பதில்லை. குளித்து, விளக்கேற்றி, காப்பி குடித்து முடிக்கும்போது சரியாக இருக்கும். வார நாளில் நேரமில்லை என்றால் திறக்காமலே போய்விடுவேன். ‘டிரை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்று ஒருவாரம் அதையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் குளிர வைத்துத்தான் உலர்த்துகிறது, தனி மாயமெல்லாம் இல்லை.

ஏர்கோனைச் சர்வீஸ் செய்ய வந்த சீனப் பையனிடம் மலாயில் கேட்டேன். இந்த அறைக்கு ஒரு எச்.பி., அதாவது 9,000 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) தாராளம் என்றான். பெரிய மெஷின் அறையைச் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. மாற்றப் போவதில்லை, காசு மரத்திலா காய்க்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் அறையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று 20 சொச்சம் வெள்ளிக்கு வாங்கி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். 60க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 70க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் கிளம்பும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்கியிருக்க வேண்டும். அந்த 749 வெள்ளி மெஷினை விற்கவில்லை. மழை நாளில் கதவு ஜன்னல் சாத்திய சின்ன அறையில் துணி காயவைக்க வைத்திருக்கிறேன், அங்கே அது உண்மையாகவே உழைக்கிறது.

சுவரில் வந்த பூஞ்சணத்தை முதலில் காய்ந்த துடைப்பத்தால் தட்டினேன், அப்படிச் செய்யாதீர்கள், தூள் வீடு முழுக்கப் பறக்கும். முகமூடியும் கையுறையும் போட்டு, தண்ணீர் கலந்த குளோரோக்ஸில் (பிளீச்சில்) நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றாடி போட்டு நன்றாகக் காயவிட்டேன். அதோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். பட்டுத் துணியின் பக்கம் குளோரோக்ஸைக் கொண்டுபோகவே கூடாது.

கணக்கு சொல்கிறேன் என்றேன் அல்லவா? மெஷின் 749, ஸ்ப்ரே 76, ரப்பர் வேலை 450, ஃபிலிம் முன்பணம் 200, பிளம்பர் 150, டிரை கிளீனிங் 60, மூன்று மாதக் கூடுதல் கரண்டு 240. ஆட்களுக்குக் கதவு திறந்துவிட எடுத்த மூன்று அரை நாள் லீவு வேறு. மகனிடம் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் “சாரிம்மா” என்றான். அவனை என்ன சொல்வது? அவன் ஜன்னலுக்கு அது சரியான யோசனைதானே.

பொங்கலுக்கு எண்ணெய்ச்சட்டி வைக்காத வீட்டில், தை கடைசியில் முறுக்குச் சுட்டு மேலே எடுத்துப் போனேன். காக் கதவைத் திறந்தார். நான் மலாயில் மன்னிப்புக் கேட்டு, சுவர், ஏர்கோன், டம்ளர் எல்லாக் கதையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்த் தன் படுக்கையறை ஜன்னலைக் காட்டினார். திண்டில் மடித்து வைத்த மூன்று துண்டு, ஒரு பாட்டில் ஸ்ப்ரே. ஏர்கோன் ரிமோட்டில் 16.